எல்லோருக்கும் தெரியும் என்று சத்தியம் செய்தவர்

கொளஞ்சியம்மாள் இறந்த செய்தி வந்தபோது, தண்ணீர் சிந்தாத வாளி ஒன்றுக்குக் காப்புரிமை கேட்டு வந்த விண்ணப்பத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வாளிக்கு மூடி இருந்தது, அதுதான் கண்டுபிடிப்பு. விண்ணப்பத்தின் பன்னிரண்டாம் பக்கத்தில் மூடி அறிமுகமாகிக்கொண்டிருந்த இடத்தில் ஜாபர் பாய் கூப்பிட்டார். "சார், அக்கா போயிட்டாங்க" என்றார். எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. காலையில் எழுந்து டீ போட்டிருக்கிறார். அதை ஆற்றி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவுதான் நடந்தது என்று பாய் சொன்னார். வாளியை மூடி வைத்துவிட்டு விருத்தாசலத்துக்கு ரயில் எப்போது என்று பார்த்தேன்.

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்களுக்கு அவரை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. களிமண் படிந்த புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, எந்தப் பட்டறைச் செட்டுக்குள்ளும் கேட்காமல் நுழைந்து, காய்ந்துகொண்டிருக்கும் சரக்கைக் குனிந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போகிறவர். சொல்லாமல் போனால் சரக்கு நன்றாக இருக்கிறது என்று பொருள். இருபது வருடத்துக்கு மேல் பீங்கான் தட்டும் அலங்காரத் தட்டும் செய்த கம்பெனியில் இருந்தார். அது மூடிய பிறகு, அதே செட்டை வாடகைக்கு எடுத்த ஜாபர் பாயிடம் சூப்பர்வைசராகச் சேர்ந்தார். வீட்டிலிருந்து அதே பாதை, அதே கேட், அதே ஆணியில் சாப்பாட்டுப் பை. செய்யும் பொருள் மட்டும்தான் மாறியிருந்தது.

ஜாபர் பாய் மங்கலம்பேட்டைக்காரர். வளைகுடாவில் பல வருடம் ஓட்டல்களுக்குத் தரை பதித்தவர். மரம்போல இருக்கும், மரம் இல்லாத தரை. திரும்பி வந்து, பதிப்பதை விடச் செய்வதே மேல் என்று முடிவெடுத்து, சூடாக்கி அழுத்தும் பழைய ஹாட் பிரஸ் ஒன்றை வாங்கி எஸ்டேட்டில் நிறுத்தினார். மரத்தூளை இறுக்கிச் செய்த பலகை. அதன் மேல் மரத்தின் படம் அச்சிட்ட தாள். அதற்கு மேல் தேய்மானம் தாங்க ஒளி ஊடுருவும் இன்னொரு தாள். தாள் இரண்டும் பசையில் ஊறியவை. சூடான அச்சில் வைத்து அழுத்தினால் மூன்றும் ஒரே உடம்பாகிவிடும். மரத்தூளின் மேல் மரத்தின் புகைப்படத்தை ஒட்டி மரம் என்று விற்கும் இந்தத் தொழிலை நான் குறை சொல்ல மாட்டேன். பல வாழ்க்கை வரலாறுகள் இந்த முறையில் தயாரானவைதான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அச்சிலிருந்து எடுத்த பலகை ஆறும்போது மேலே உள்ள பசை சுருங்கும். சுருங்கினால் இழுக்கும். முனைகள் எழும்பிப் பலகை படகாகிவிடும். அதனால் பலகைக்கு அடியிலும் பசைத்தாள் வைப்பார்கள். மேலே இரண்டு என்றால் கீழேயும் இரண்டு. அதுதான் பெரிய கம்பெனிகளின் வழக்கம். பாய்க்குக் கீழே ஒன்றுதான் கட்டுப்படியானது. ஒன்றை வைத்தார். படகு கொஞ்சம் தட்டையான படகாயிற்று.

அதைச் சரிசெய்தவர் கொளஞ்சியம்மாள். கீழே இருந்த ஒற்றைத் தாளுக்குப் பசையைக் கூட்டிக் கொடுத்தார். எவ்வளவு கூட்டினால் மேலே இருக்கும் இரண்டுக்கும் ஈடாகும் என்று சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்து ஒரு அளவுக்கு வந்தார். பலகை நேராகப் படுத்துக்கொண்டது. முதல்முறை நான் அந்தச் செட்டுக்குப் போனபோது, இதை எனக்குப் புரியவைக்க அவருக்கு இரண்டு வாக்கியம் போதுமானதாக இருந்தது.

"மேல ரெண்டு பேரு இழுக்கறாங்க, கீழ ஒருத்தன்தான் இருக்கான். அவனுக்குச் சோறு கூடப் போட்டா அவனும் ரெண்டாள் வேலை பாப்பான்."

ஒருவர் கண்டுபிடித்ததை இன்னொருவருக்குப் புரியாத மொழியில் எழுதித் தருவது காப்புரிமை ஏஜெண்டான என் தொழில். அந்த இரண்டு வாக்கியத்தைக் கேட்டபோது என் தொழிலுக்கு ஆபத்து என்றுதான் முதலில் தோன்றியது.

நான் அங்கே போனதற்குக் காரணம் ஒரு கடிதம். வடக்கே ஒரு பெரிய நிறுவனம் இதே முறைக்கு, மேலே இரண்டு, கீழே பசை கூடிய ஒன்று என்பதற்கு, காப்புரிமை வாங்கியிருந்தது. வாங்கிய கையோடு சிறிய பட்டறைகளுக்கெல்லாம் எழுதியது: உடனே நிறுத்துங்கள். பாயின் செட்டில் முப்பது பேருக்குமேல் இருந்தார்கள். பாதிப்பேர் மூடிய செராமிக் கம்பெனிகளிலிருந்து வந்த பெண்கள். பிரஸ் நின்றால் அவர்கள் அடுத்துப் போக எஸ்டேட்டில் செட் ஏதும் இல்லை.

நாங்கள் முன்பே செய்துகொண்டிருந்தோமே என்றார் பாய். செய்ததற்கு எழுத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். சுவரில் கரிக்கட்டியால் எழுதிய சில எண்கள் இருந்தன. பொங்கலுக்கு வெள்ளையடித்திருந்தார்கள். நான்கு சுவருக்குள் செய்ததை ஊர் அறிந்தது என்று காட்ட முடியாது. மிச்சமிருந்தது ஒரே வழி. இந்த முறை வெளிப்படையானது, தொழில் தெரிந்த சாதாரண ஆளுக்குத் தானாகவே தோன்றிவிடும், அதனால் இதற்குக் காப்புரிமை கொடுத்ததே தவறு என்று வாதாட வேண்டும்.

சட்டம் சொல்லும் அந்தச் சாதாரண ஆளைப் பற்றிக் கொளஞ்சியம்மாளிடம் விளக்கினேன். அவர் தம் துறையில் உலகத்தில் வெளிவந்த எல்லாவற்றையும் படித்தவர். படித்த எதையும் மறக்காதவர். ஆனால் சொந்தமாக ஒரு கற்பனையும் கிடையாது. அலுவலகங்களில் இந்த இலக்கணத்தின் பிற்பாதிக்குப் பொருந்துகிறவர்களை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன். கொளஞ்சியம்மாள் பொறுமையாகக் கேட்டார்.

"அவரு எந்த ஊருங்க?"

அப்படி ஒருவர் நிஜத்தில் இல்லை என்றேன்.

"இல்லாத ஆளுக்கு இது தெரியுமா தெரியாதான்னு யாரைப் போயிக் கேப்பீங்க?"

உங்களைத்தான் என்றேன். பக்கத்தில் நின்ற பாய், இத்தனை நாள் அக்காவைச் சாதாரண ஆள் என்று சொல்லத் தமக்குத் தைரியம் வந்ததில்லை, இப்போது சட்டமே சொல்கிறது என்று சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. தம்மைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதை அவர் அப்போதே முழுக்கப் புரிந்துகொண்டார் என்று இப்போது தோன்றுகிறது. எனக்கு அது பிறகுதான் புரிந்தது.

அடுத்து நான் செய்த தவறை இங்கே பதிவு செய்ய வேண்டும். அவர் பெயரில் பிரமாணப் பத்திரம் எழுதினேன். எங்கள் பக்கத்தில் ஒருவரை அடைமொழி இல்லாமல் மேடையேற்றும் பழக்கம் கிடையாது. கல்யாணப் பத்திரிகையிலிருந்து பஞ்சாயத்துத் தீர்மானம் வரை யாரும் வெறும் பெயரோடு நின்றதில்லை. அந்தப் பழக்கத்தில், 'தமது அபூர்வமான நுண்ணறிவாலும் நீண்ட அனுபவத்தாலும்' அவர் இதைக் கண்டறிந்தார் என்று எழுதிவிட்டேன். தமிழில் படித்துக் காட்டியபோது அந்த இடத்தில் அவர் கையைத் தூக்கினார்.

"இது எதுக்குங்க? நான் என்ன எலெக்‌ஷன்லயா நிக்கறேன்?"

இருக்கட்டும், மரியாதையாக இருக்கும் என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார். அபூர்வமான நுண்ணறிவு இருந்தால்தான் தோன்றும் என்றால், சாதாரண ஆளுக்குத் தோன்றாது என்றுதானே பொருள்? எங்கள் வழக்கின் கழுத்தை எங்கள் பத்திரமே அறுத்திருந்தது. இருபது வருடமாகத் தொழிலில் இருந்த எனக்கு இது தெரியவில்லை. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு முதல் வாசிப்பிலேயே தெரிந்துவிட்டது. இந்த அம்மாளைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும் என்று மனுப் போட்டார். இத்தகைய விவகாரங்களில் அது அபூர்வம். அனுமதி கிடைத்தது.

பாய் என்னைத் திட்டவில்லை. மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. அது திட்டை விட நீளமாக இருந்தது. கொளஞ்சியம்மாள்தான் போன் செய்தார். எந்தப் புடவை கட்டிக்கொண்டு வர வேண்டும் என்று கேட்டார்.

சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விசாரணை நடந்த அறையில் குளிரூட்டி அதிகமாக இருந்தது. அவர் முந்தானையைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் நல்ல மனிதர். நல்ல தமிழ் பேசினார். முதல் கால் மணி நேரமும் கொளஞ்சியம்மாளைப் புகழ்ந்தார். இவ்வளவு படிப்பில்லாமல் இவ்வளவு ஞானமா என்றார். உங்களைப் போன்ற ஒருவரை என் அனுபவத்தில் கண்டதில்லை என்றார். பத்திரத்தில் உள்ள 'அபூர்வமான நுண்ணறிவு' என்பதை இரண்டு முறை வாசித்தார். வாழ்நாளில் அவருக்கு யாரும் அவ்வளவு பாராட்டுச் சொன்னதில்லை. ஒவ்வொரு பாராட்டுக்கும் ஒரு செட் மூடிக்கொண்டிருந்தது.

பிறகு வக்கீல் கேட்டார். பலகை கோணத் தொடங்கியதற்கும் நீங்கள் இந்த முறையைக் கண்டுபிடித்ததற்கும் இடையே எவ்வளவு காலம்? நான் மேசையைப் பார்த்துக்கொண்டேன். உண்மையான பதில் எனக்குத் தெரியும். பொய் சொல்லச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. நான் சொல்லியிருந்தாலும் கொளஞ்சியம்மாள் சொல்லியிருக்க மாட்டார்.

"ரெண்டு மாசங்க."

இரண்டு மாதம் தேவைப்பட்ட ஒன்று எப்படித் தானாகத் தோன்றுவதாகும் என்று வக்கீல் மிக மென்மையாகக் கேட்டார்.

"ரெண்டு மாசமும் பாய் மேல இருக்கற பேப்பரையே மாத்தி மாத்திப் போடச் சொன்னாருங்க. மொதலாளி சொன்னா செய்யணும்ல. அவரு ஒருநாளு தங்கச்சி வூட்டுக் கல்யாணத்துக்குப் போயிட்டாரு. அன்னைக்குத்தான் கீழ பாத்தேன். ஒரு மத்தியானம் ஆச்சு."

விசாரணை அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பின் வரிசையில் இருந்த பாய் தலையைக் குனிந்துகொண்டார். அந்த ஒரு பதிலில் அவர் முட்டாளாகியிருந்தார். அவருடைய பிரஸ் பிழைத்திருந்தது.

வக்கீல் விடவில்லை. அந்த மத்தியானத்தில் தோன்றியது உங்களுக்கு என்பதால்தானே என்றார். இன்னொருவர் அங்கே இருந்திருந்தால்?

"எங்க எஸ்டேட்டுல தட்டு செய்யறவங்க எல்லாரும் பின்னாடியும் மெருகு பூசுவாங்க. முன்னாடி மட்டும் பூசினா சூளையில கோணிக்கும். பூசாதவன் தட்டு கோணும். கோணினா அடுத்த நாளு அவனும் பூசுவான். பேப்பரா இருந்தா என்ன, களிமண்ணா இருந்தா என்னங்க? இழுத்தா கோணும்."

கடைசிக் கேள்வியை வக்கீல் எழுந்து நின்று கேட்டார். அப்படியானால், இதில் நீங்கள் சிறப்பாக எதையும் செய்யவில்லை என்று சத்தியப் பிரமாணமாகச் சொல்கிறீர்களா?

கொளஞ்சியம்மாள் குடிக்க வைத்திருந்த தண்ணீரைப் பார்த்தார், குடிக்கவில்லை. அந்த இடைவெளியில் அவர் எதை விட்டுக்கொடுக்கப் போகிறார் என்பது அறையில் எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன்.

"ஆமாங்க. ஸ்பெஷலா ஒண்ணுமில்ல. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்."

பகல் ரயிலில் திரும்பினோம். பாய் வேறு பெட்டியில் இருந்தார். அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று அவரே சொன்னார். விழுப்புரம் தாண்டும் வரை கொளஞ்சியம்மாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். பத்திரத்தில் புகழாமல் இருந்திருந்தால் உங்களை இங்கே இழுத்திருக்க மாட்டார்கள் என்றேன். அவர் வேறொன்றைச் சொன்னார்.

"எங்க வூட்டுக்காரரு இருந்தவரைக்கும் நான் எதைச் செஞ்சாலும், இதுல என்ன பெருசா இருக்குதும்பாரு. முப்பது வருசம் ஒத்துக்காம சண்டை போட்டேன். இன்னைக்கு அதையே சத்தியம் பண்ணிச் சொல்லிட்டு வந்துட்டேன்." கொஞ்ச தூரம் போன பிறகு, "தெரிஞ்ச பொறவு எல்லாம் சுலுவுதான் சார். தெரியாத நாளு ஒண்ணு இருந்துச்சுல்ல, அதை யாரும் கணக்குல சேக்க மாட்டேங்கறாங்க" என்றார்.

பின்னோக்கிப் பார்க்கும்போது எல்லாம் எளிதாகத் தெரியும் மயக்கத்தைப் பற்றிச் சட்டப் புத்தகங்கள் அத்தியாயம் அத்தியாயமாக எழுதுகின்றன. அவற்றில் பலவற்றைப் படித்திருக்கிறேன். எதிலும் இவ்வளவு தெளிவாக இல்லை.

சில மாதங்களில் உத்தரவு வந்தது. அந்த முறை துறை அறிந்த சாதாரண ஆளுக்கு வெளிப்படையானதே என்று கூறிக் காப்புரிமையை ரத்து செய்திருந்தார்கள். பாய் செட்டில் எல்லோருக்கும் பிரியாணி போட்டார். பிரஸ்ஸின் மேல் மல்லிகைச் சரம் தொங்கியது. சாப்பிட்டு முடித்துக் கைகழுவிய பிறகு கொளஞ்சியம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தம்மைப் பற்றி வரும் இடத்தை மட்டும் தமிழில் படிக்கச் சொன்னார். படித்தேன். தம் பெயர் எங்கே வருகிறது என்று கேட்டார். வரவில்லை. 'சாட்சி' என்று இரண்டு இடத்தில் இருந்தது. இன்னொரு முறை தேடிப் பார்க்கச் சொன்னார். தேடினேன். பிறகு அவர் போய்ப் பாத்திரம் கழுவுகிறவர்களோடு சேர்ந்துகொண்டார்.

கதை அங்கே முடிந்திருந்தால் இது ஒரு சோகக் கதையாக இருந்திருக்கும். கொளஞ்சியம்மாள் அதற்கு இடம் தரவில்லை. அடுத்த வருடம் திட்டக்குடியில் ஒருவர் இதே தரைப் பலகைக்குப் பட்டறை போட்டார். பலகை கோணியது. எப்படியோ கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா பஸ் ஏறிப் போய்க் கீழ்த்தாளின் அளவைச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தார். பிறகு பெண்ணாடம் பக்கம் ஒருவர். பிறகு நேரில் போக முடியாத தூரத்தில் இருந்தவர்களுக்குப் போனில். சமையலறைத் தராசில் எப்படி நிறுப்பது என்பது உட்பட எல்லாவற்றையும் சொன்னார்.

ஜாபர் பாய் கொதித்தார். இவ்வளவு செலவு செய்து வழக்கு நடத்தியது ஊரிலுள்ள போட்டிக்காரர்களுக்கெல்லாம் வித்தை சொல்லிக் கொடுக்கவா என்று என்னைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டார். நானும் பாயின் பக்கம்தான் இருந்தேன். கம்பெனி ரகசியம் என்று ஒன்று உண்டு என்று ஆரம்பித்தேன். அவர் என்னை முடிக்கவிடவில்லை.

"கோர்ட்டுல என்ன சொன்னேன் பாய்? எல்லாருக்கும் தெரியும்னு சத்தியம் பண்ணியிருக்கேன். இன்னும் தெரியாத ஆளு இருந்தா நான் சொன்னது பொய்யால்ல ஆயிடும்?"

அது கோர்ட் இல்லை, காப்புரிமை அலுவலகம்தான் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. பாய் வண்டிச் சாவியைக் கையில் எடுத்தார். பிறகு, அடுத்த வாரம் பெண்ணாடம் போவதாக இருந்தால் வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன், பஸ்ஸில் அலைய வேண்டாம் என்றார். கடைசிவரை அவர்தான் கொண்டுபோய் விட்டார். காப்புரிமைச் சட்டத்தில் நான் அறிந்த எத்தனையோ தீர்ப்புகள் சொன்னதோடு நின்றுபோயின. சொன்னதை உண்மையாக்க ஊர் ஊராகப் போன சாட்சி இவர் ஒருவர்தான்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். பந்தலில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் நடுத்தர வயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். திட்டக்குடியை அடுத்த மங்களூர் பக்கம் பட்டறை வைத்திருப்பதாகவும், பாயைத் தமக்குத் தெரியும் என்பதால் வந்ததாகவும், இறந்தவரை நேரில் பார்த்ததில்லை என்றும் சொன்னார். என்ன பட்டறை என்று கேட்டேன். தரைப் பலகை என்றார். பேச்சுக்காக, பலகை கோணாமல் இருக்க என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். கீழ்த்தாளுக்குப் பசையைக் கூட்டிவிடுவோம் என்றார். அந்த முறையை முதலில் யார் செய்தது தெரியுமா என்று கேட்டேன்.

"இதை யாருங்க புதுசா செய்யறது? எப்பவும் இப்படித்தான். இந்தத் தொழில்ல இருக்கற எல்லாருக்கும் தெரிஞ்சதுதானுங்களே."

அக்காவின் பெயர் எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எதிரே மாலை போட்ட படத்தில் அவர், சரக்கு நன்றாக இருக்கும்போது எப்படிப் பார்ப்பாரோ அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமாங்க, எல்லாருக்கும் தெரியும்" என்றேன்.

அவர் செய்த சத்தியத்தில் இனி ஒரு குறையும் இல்லை. உத்தரவில் அவர் பெயர் இல்லை, பட்டறைகளில் இல்லை, பலகை அவரைக் கேட்காமலே நேராகப் படுத்துக்கொள்கிறது. அவரை அறிந்தவர்களாகிய உங்களுக்கு இதை எழுதுகிறேன். எல்லோருக்கும் தெரிந்த ஒன்று, ஒரு நாள் மத்தியானம் விருத்தாசலத்தில் ஒரே ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தது. அவர் பெயர் கொளஞ்சியம்மாள். அந்தப் பெயரை நான் வைத்திருக்கிறேன்.